கொலக்கம்பை பஸ்ஸில் ஒரு சொட்டு ரத்தம்

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறினேன். டிக்கெட் பதின்மூன்று ரூபாய். மடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மைக்ராஸ்கோப். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு வகை ஊசி மருந்து, சாயப் புட்டி, கண்ணாடித் துண்டுகள், மாற்றுப்புடவை ஒன்று. நீலகிரிக்குப் போகிறவர்கள் கேமராவோடு போவார்கள். நான் ஒரு மாட்டின் ரத்தத்தைப் பார்க்கப் போனேன்.

நான் மாட்டு டாக்டர். ஆனால் மாட்டைத் தொட்டுப் பல நாளாகிவிட்டிருந்த மாட்டு டாக்டர். கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராக வரும் ரத்தக் கண்ணாடிகளைப் பார்த்து, இதில் இன்ன பூச்சி இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்வது என் வேலை. குன்னூருக்கு அப்பால் கொலக்கம்பைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரே மாட்டின் ரத்தம் இரண்டு தடவை வந்தது. இரண்டும் கெட்டுப்போயிருந்தன. 'பார்க்க இயலவில்லை, மீண்டும் அனுப்பவும்' என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்தது. டீக்கடையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு பெண் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது:

"ஏனுங்க, கண்ணாடி செரியில்லீன்னு ரெண்டு வாட்டி சொல்லிப்போட்டீங்களாமா. அப்ப மாட்டையே தூக்கிட்டு வரட்டுங்களா?"

பெயர் சரோஜா. தேயிலை பறிக்கும் வேலை. எட்டு மாதச் சினைமாடு ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறது. ஊசி போட்டும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை காலை அடிமாட்டு வண்டி வருகிறது. "வண்டி வர்றதுக்குள்ளார அவளுக்கு என்ன நோவுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. 'மீண்டும் அனுப்பவும்' என்ற அந்த இரண்டு வார்த்தைமேல். லீவு எழுதிக் கொடுத்தேன். ஒரு மாட்டுக்காகவா மலை ஏறப்போகிறீர்கள் என்று மேலதிகாரி சிரித்தார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கல்லாறு தாண்டியதும் பஸ் முனக ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருகிற லாரி ஒதுங்கும்வரை டிரைவரும் பயணிகளும் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு மணி சுமாருக்குப் பர்லியாரில் பத்து நிமிஷம் நின்றோம். சாலையோரக் கூடையில் மங்குஸ்தான் வைத்திருந்தார்கள். கிலோ அறுபது. அரைக் கிலோ வாங்கினேன். பக்கத்தில் ஒரு பிக்கப் வேன் நின்றிருந்தது. அதில் ஒரு கறுப்பு மாடு. மீசை வைத்த ஒருவர் அதன் முதுகில் பழைய சணல் சாக்கைப் போர்த்தி, வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்த என்னிடம் அவரே சொன்னார்:

"கீழ்நாட்டு மாடுங்க. மலை மேலே குளுரு இது தாங்காது. வாங்குறவங்களுக்குச் சாக்கு சும்மாவே குடுத்துருவோமுங்க. மாடு விக்கையில சாக்கை உருவுனா பாவமுங்க."

மாட்டு வியாபாரத்தில் இப்படி ஒரு தருமமா என்று மனம் குளிர்ந்து, அவருக்கு ஒரு மங்குஸ்தான் கொடுத்தேன். அந்தப் பழத்தை நான் பிறகு நினைத்து நினைத்து வருந்தினேன்.

குன்னூரில் மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆடி மாதத்துக்கே உரிய சாரல், தூறலா மூடுபனியா என்று தெரியாத ஒன்று. பஸ் நிலையத்தில் டீ இரண்டு ரூபாய். ஒன்பது மணிக்குக் கொலக்கம்பை பஸ். பதினெட்டு கிலோமீட்டர் என்றார்கள். உட்கார இடமில்லை. கண்டக்டர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடோணுமுங்க."

"மடியில வெச்சிருக்கேன், எதுக்கு லக்கேஜ்?"

"மடியில கொழந்த இருந்தா போட மாட்டேனுங்க. இது பொட்டிதானுங்களே."

மடியில் வைக்கக்கூட முதலில் ஒரு இடம் வேண்டுமே என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, தன் பக்கத்தில் என்ஜின் மேலிருக்கும் பானெட்டைக் காட்டினார். அவர் பெயர் சுந்தரம். அதன்மேல் ஏற்கெனவே ஒரு அம்மாள் முட்டைக்கோஸ் கூடையோடு அமர்ந்திருந்தாள். "நகந்து உக்காருங்கம்மா. குளுருக்கு இதுதானுங்க எங்க பஸ்ஸுல பர்ஸ்ட் கிளாஸ்" என்றார் சுந்தரம். உண்மைதான். காட்டேரி, சேலாஸ் வழியாகப் போன அந்தப் பயணம் முழுக்க, வெளியே விரல் விறைக்கும் ஈரம், கீழே மட்டும் நெய் உருகுகிற சூடு. என் பெட்டியும் கதகதப்பாகிவிட்டது. லக்கேஜ் ஐந்து ரூபாயையும் கண்டக்டர் விடாமல் வாங்கிக்கொண்டார்.

பத்தரைக்கு இறங்கினேன். சரோஜா சாலையிலேயே நின்றிருந்தாள். ஐம்பத்தேழு வயது, ஒல்லி, வேகமான நடை. தேயிலைச் செடியின் ஈரம் புடவையில் ஏறாமலிருக்க இடுப்பில் சுற்றும் சாக்கை அங்கே படங்கு என்பார்கள். அதைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. பாதி வேலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறங்கும் வழியில் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டாள். இன்னும் மூன்று மாதத்தில் அவளுக்கு ரிட்டயர்மெண்ட். கணவர் ரங்கசாமி போன வருஷமே ஓய்வு பெற்றாகிவிட்டது. இருவரும் வேலையில் இல்லையென்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் இல்லை. ஊருக்குள் ஒரு வாடகை வீடு பார்த்து, இரண்டு மாடு கறந்து பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்வது என்று திட்டம். அதற்காக இரண்டாவதாகக் கீழ்நாட்டிலிருந்து ஒரு கறுப்பு மாடு போன மாதம் வாங்கியிருந்தார்கள்.

"வாங்கியாந்தது நல்லா இருக்குதுங்க. எங்கூட்டுல பொறந்து வளந்தவதான் படுத்துட்டா. அவ போயிட்டா ஒத்த மாட்டை வெச்சு நாங்க இங்க நிக்க முடியாதுங்க. மருதமலைப் பக்கம் கொழுந்தனூட்டுக்குப் போயி ஒண்டோணும்."

மாட்டின் பெயர் சில்வர். தோட்டத்து சில்வர் ஓக் மரத்தின் பட்டை நிறம். கொட்டகையில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது, எழுப்பினாலும் எழவில்லை. முதுகில் தடிமனான சாக்கு. காய்ச்சல் நூற்றாறு. கண் இமையைத் திருப்பினால் ரத்தச் சிவப்புக்குப் பதில் வெளுப்பு. தோளுக்கு முன்னால் எலுமிச்சங்காய் அளவுக்குக் கழலை வீங்கியிருந்தது. உண்ணி கடித்து வரும் ரத்தப் பூச்சிதான் என்று கை சொல்லியது. ஆனால் அதில் இரண்டு திருடர்கள் உண்டு. தைலேரியா ஒருவன், பபேசியா மற்றவன். கழலை முன்னவனைக் காட்டியது. ஆனால் நேற்று மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது என்றார் ரங்கசாமி. அது பின்னவனைக் காட்டியது. ஒருவனுக்கான மருந்து மற்றவனைத் தொடாது. சினைமாடு, இவ்வளவு ரத்தம் இழந்த மாடு. தவறான மருந்தைப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால், மூன்றாம் நாள் காத்திருக்க மாடு இருக்காது.

காது நரம்பில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் மெல்லியதாக இழுத்தேன். வீசினேன். ஊதினேன். ரங்கசாமி செய்தித்தாளால் விசிறினார். கோவையில் கண்ணிமைக்கும் நேரத்தில் காய்கிற அந்தப் பூச்சு, தாளிக்காத குழம்பு மாதிரி அப்படியே கிடந்தது. ஒருவழியாகக் காய்ந்ததும் சாயம் ஊற்றி, முக்கால் மணி நேரம் ஊறவைத்து, கழுவி, மைக்ராஸ்கோப்பை வீட்டு வாசல் பல்புக்கடியில் வைத்துக் குனிந்தேன்.

ரத்த அணு ஒவ்வொன்றிலும் ஒரு வளையம்!

"தெரியுதுங்களா?" என்றார் ரங்கசாமி. "அப்பறமென்னங்க, ஊசியப் போட்டுருங்க."

கை பைக்குள் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. ஆனால் உண்மையான ரத்தப் பூச்சி இப்படி ஓர் அணு விடாமல் வீடு வீடாகக் குடியிருக்காது. திருகைச் சற்றே திருப்பினேன். வளையங்கள் பளிச்சென்று மின்னின. பூச்சியென்றால் சாயம் குடித்து நீலமாக நிற்க வேண்டும், மின்னக் கூடாது. சந்தேகம் தீர என் விரலையே குத்தி, அந்த ஈரக் காற்றிலேயே இன்னொரு கண்ணாடி போட்டேன். சாயம் ஊற்றிப் பார்த்தால் அதே வளையம். அந்தக் கணக்குப்படி எனக்கும் மாட்டுக் காய்ச்சல். ரத்தம் மெதுவாகக் காயும்போது ஈரம் அணுவுக்குள் விட்டுச் செல்கிற ஓட்டை அது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்? கோவைக்கு வந்த இரண்டு கண்ணாடிகளும் ஏன் கெட்டன என்பதும் விளங்கிற்று. அனுப்பியவர்மேல் குற்றமில்லை. இந்த மலைமேல் ஆடி மாதத்தில் யார் ரத்தம் தடவினாலும் இதுதான் கதி.

அடுப்பருகே காயவைத்தோம். புகையும் கரியும் படிந்து கண்ணாடி அப்பளமாகிவிட்டது. தேயிலை வதக்கும் மாடியில் சூடான காற்று அடிக்குமே என்று பேக்டரிக்கு ஆள் அனுப்பினேன். 'டீத்தூள் காயற இடத்துக்கு ரத்தமா?' என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மணி மூன்றாகிவிட்டது. சரோஜா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள்.

அப்போது மேலே சாலையில் ஹாரன் கேட்டது. மத்தியானப் பஸ்.

பானெட்! காலையில் உட்கார்ந்து வந்த இடம் உடம்புக்கு ஞாபகம் வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய சிறு குழாயில் சில்வரின் ரத்தத்தைப் பிடித்தேன். கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலைச் சரிவில் ஏறினேன். ஓடினேன் என்று எழுத ஆசைதான். என் வயதுக்கும் அந்த மேட்டுக்கும் அது பொய்.

சுந்தரம் அப்போதுதான் என்ஜினை நிறுத்திவிட்டு டீக்கு இறங்கிக்கொண்டிருந்தார். காரியத்தைச் சொன்னேன்.

"ரத்தமுங்களா? பஸ்ஸுலயா?"

"ஒரு சொட்டு. மாட்டு ரத்தம். காஞ்சதும் துடைச்சிட்டுப் போயிடறேன்."

"சரோசாக்கா மாடுங்களா? அட, மொதல்லயே சொல்றதுக்கென்னங்க." சுந்தரம் திரும்ப ஏறி, பானெட்மேல் விரித்திருந்த கோணியை உருவி எறிந்தார். தன் தோள் துண்டால் தகரத்தைத் துடைத்தார். ஜன்னல் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். உட்காரப் போன ஓர் ஆளைப் பார்த்து, "அங்க உக்காராதீங்க, டாக்டரம்மா வேலை செய்யறாங்க" என்று அதட்டினார். கண்டக்டர் மட்டும் எட்டிப் பார்த்து, "இதுக்கும் லக்கேஜ் போட்டுறட்டுங்களா?" என்றார். சிரிக்க எனக்கு நேரமில்லை. சூடேறிய தகரத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கண்ணாடியைப் பிடித்து, சொட்டு வைத்து, இழுத்தேன். விரல் எடுப்பதற்குள் காய்ந்தது. நான்கு கண்ணாடி போட்டேன். நான்கும் பட்டுத்துணி மாதிரி வழவழவென்று காய்ந்தன.

ஐந்து மணிக்கு மறுபடி வாசல் பல்பு. மறுபடி குனிந்தேன். இம்முறை வளையமில்லை. சுத்தமான இளஞ்சிவப்பு அணுக்கள். பபேசியாவாக இருந்தால் இரண்டு பேரிக்காய் ஒரே காம்பில் தொங்குவதுபோல் ஜோடியாக, பெரிதாகத் தெரியும். அது ஒன்றுகூட இல்லை. பொறுமையாக நகர்த்தினேன். ஓர் அணுவுக்குள் நீலப் புள்ளி. பக்கத்தில் கமா போட்டது மாதிரி இன்னொன்று. திருகைத் திருப்பினேன், மின்னவில்லை, நீலமாகவே நின்றது. பிறகு ஒரு வெள்ளை அணுவுக்குள் நீலப் பொடி தூவினாற்போல ஒரு கொத்து.

"தைலேரியா" என்றேன். "ஆளு சிக்கிட்டான்."

சரோஜாவைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். "இத்துனூண்டா?" என்றாள். "இத்துனூண்டா இருந்துட்டா எம்மாட்டைச் சாச்சுப்போட்டான்?" ஊசியை உடனே போட்டேன்.

மருந்து போட்டாயிற்று. திருடன் எந்த வழியாக வந்தான் என்பது பாக்கி. தைலேரியா உண்ணி ஏறித்தான் வரும். சில்வரோ மேய்ச்சலுக்கே போகாத மாடு, உடம்பில் தடவிப் பார்த்தாலும் இரண்டு உண்ணிக்கு மேல் இல்லை. குளிருக்குப் போர்த்திய சாக்கைத் தூக்கினேன். கனமாக இருந்தது. இரட்டைச் சாக்கு. உள்ளே சணல், மேலே பழைய படங்கு, சுற்றிலும் நெருக்கமான தையல்.

"ஏது இது?"

"போன மாசம் வாங்குன கறுப்பி போட்டுட்டு வந்த சாக்குங்க" என்றாள் சரோஜா. "இவ வயித்துப்புள்ளக்காரி, வெடவெடன்னு நடுங்குறாளேன்னு இவளுக்கு மாத்திப் போட்டேன். ஒத்தச் சாக்கு பத்தாதுன்னு என்ற பழைய படங்கை மேல வெச்சுத் தெச்சேன். இங்க எல்லாரும் படங்கு கிழிஞ்சா மாட்டுக்குத்தானுங்க போடுவோம்."

பிளேடால் தையலைப் பிரித்தேன். இரண்டு சாக்குக்கும் நடுவில், கதகதப்பான மடிப்பில், உண்ணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்பி கீழ்நாட்டில் பிறந்தது. சின்னதிலேயே அந்த நோயைத் தாங்கிப் பழகி, ரத்தத்தில் பூச்சியோடு சுகமாக நிற்கிற மாடு. அதைக் கடித்து விழுந்த உண்ணி மடிப்பில் தோலுரித்து, அடுத்த முதுகு கிடைத்ததும் ஏறிவிட்டது. மலையில் பிறந்த சில்வருக்கு அந்த நோய் முன்பின் அறிமுகமில்லை.

சரோஜா சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நானேதான் கட்டி உட்டனாக்கும்" என்றாள். அன்பால் செய்ததுதான், ஆனால் அதைச் சொல்லி என்ன? சாக்கை அவளே முற்றத்துக்குத் தூக்கிப்போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். உருளைக்கிழங்கும் மொச்சையும் போட்ட குழம்போடு எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

வெள்ளி காலை எட்டுக்கு வண்டி வந்துவிட்டது. இறங்கியவர் வேறு யாருமில்லை, பர்லியாரில் என் மங்குஸ்தான் தின்ற மீசைக்காரர். நல்ல மாட்டை மேலே கொண்டுவந்து விற்பதும், படுத்த மாட்டைக் கீழே கொண்டுபோவதும் அவர் தொழில். சில்வர் இன்னும் படுத்தேதான் கிடந்தது. காய்ச்சல் ஒரே ஒரு டிகிரி இறங்கியிருந்தது.

"இது எந்திரிக்காதுங்க டாக்டரம்மா. ஏத்தி உட்டுட்டா அவங்களுக்கு ஏதோ கெடைக்கும்."

ரங்கசாமி தடுமாறினார். "செத்துப்போச்சுன்னா ஒண்ணுமே இல்லாமப் போயிருமே, சரோசா."

"செத்தா எம்மாடாவே சாவட்டும்" என்றாள் சரோஜா. "இத்தன நாளு என்ன நோவுன்னே தெரியாமத்தான் ஏத்தி உடறேன்னேன். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. வண்டியத் திருப்புங்க."

மீசைக்காரரை மைக்ராஸ்கோப்பருகே உட்காரவைத்துச் சாக்கின் கதையைச் சொன்னேன். "சாக்குலயா நோவு வரும்?" என்று சிரித்தார். முற்றத்துச் சாம்பலைக் காட்டினேன். எரியாமல் தெறித்த உண்ணி ஒன்று ஓரத்தில் கிடந்தது. சிரிப்பு நின்றது. "எங்கய்யன் காலத்துலருந்து சாக்கோடத்தானுங்க குடுக்கறோம்" என்றார். கொடுங்கள், ஆனால் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு வெறும் வண்டியோடு போனார். செய்வாரா என்று எனக்குத் தெரியாது.

அன்று முழுவதும் நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊற்றினோம், புரட்டிப் படுக்கவைத்தோம், காய்ச்சல் பார்த்தோம். சாயங்காலம் நூற்று மூன்று. மூடுபனி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. இந்த மாட்டை எழுப்பாமல் நான் பஸ் ஏறுவதில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். மருந்துக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை இரண்டாவது ஊசி. காய்ச்சல் நூற்றொன்று, அது மாட்டின் சொந்தச் சூடு. பத்து மணிக்குச் சரோஜா ஒரு கைப்பிடி பச்சைப் புல்லை நீட்டினாள். சில்வர் முகர்ந்தது, திரும்பிக்கொண்டது, மறுபடி திரும்பி ஒரு வாய் இழுத்தது. ரங்கசாமி சட்டென்று வெளியே போய்விட்டார். அழுதிருப்பார்.

மாடு எழவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் வேலைக்குப் போக வேண்டும், ஞாயிறன்று என் முறை. மத்தியானப் பஸ்ஸுக்கு மனமில்லாமல் மேடேறினேன். சுந்தரம் என்னைக் கண்டதும் கேட்டார்: "மாடு என்னாச்சுங்க?" தின்கிறது, எழவில்லை என்றேன். பானெட்டைத் துடைத்து உட்காரச் சொன்னார். பெட்டிக்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தும் வாங்கவில்லை.

எங்கள் ஊரில் ரத்தம் தடவிக் கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது காய்ந்திருக்கும். அதை என் கைத்திறமை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது எங்கள் ஊர் வெயிலின் திறமை. எங்கள் ஊர் உண்ணிகூட எங்கள் ஊர் மாட்டை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. குளிருக்கு அடக்கமாக ஒரு சாக்கில் வைத்து மலைக்கு அனுப்பினால்தான் அது கொலைகாரனாகிறது. சீக்கிரம் சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பஸ் கிளம்பப் பத்து விநாடி இருக்கையில், சரோஜா மூச்சிரைக்க மேடேறி வந்தாள்.

"எந்திரிச்சுட்டாளுங்க!" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஊருக்குள்ளார ஒரு ஊடு சொல்லி வெச்சிருந்தேனுங்க. வேண்டாம்னு சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். இனி சொல்ல மாட்டேன்."

சுந்தரம் அவசரப்படவில்லை. முதல் வளைவு திரும்புகிற இடத்தில் பஸ்ஸைத் தானாகவே மெதுவாக்கினார். கீழே லைன் வீடுகள் தெரிந்தன. கொட்டகை வாசலில், எஸ்டேட்டில் சரோஜாவுக்கு அந்த வருஷம் கொடுத்த புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாலு காலும் நடுங்க, சில்வர் நின்றுகொண்டிருந்தது.